பதிவேட்டில் பிழையா, அலமாரியில் கரையானா?

பள்ளி சர்வரில் கோப்புகள் சிதைவதற்கு வன்பொருள்தான் காரணமா என்று கண்டறியும் முறை

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. இத்தகைய ஆய்வகங்களில் ஒரே ஒரு சர்வரை நம்பி மற்ற கணினிகள் இயங்குகின்றன. சர்வர் படுத்துவிட்டால் ஆய்வகம் முழுவதும் படுத்துவிடும். எமிஸ் போன்ற இணையவழித் தரவுகள் வேறிடத்தில் பாதுகாப்பாக இருக்கும். மாணவர்கள் எழுதிய நிரல்கள், செய்முறைப் பதிவுகள், ஆசிரியர்கள் தொகுத்த காணொலிகள், வினாத்தாள்கள் ஆகியவை அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கும்.

ஆலங்குளம் வட்டாரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தை எடுத்துக்காட்டாக மனத்தில் கொள்வோம். தென்காசிச் சாலையில் மேற்கே பார்த்தால் மலை தெரியும் ஊர். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கே காற்று. ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு மழை. மின்சாரம் நொடிப்பொழுது போய் வரும். ஒரு திங்கட்கிழமை காலை சர்வர் மெதுவாகத் திறக்கிறது. சில கோப்புகளைத் திறக்க முடியவில்லை. புதிதாக எதையும் சேமிக்கவும் முடியவில்லை. "பார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் ஒருவர். "ஹார்டு டிஸ்க் போயிற்று, மாற்ற வேண்டும்" என்கிறார் மற்றவர். "எல்லாம் கரண்டால் வந்த வினை" என்கிறார் மூன்றாமவர்.

மூவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். சான்று பார்க்காமல் எவர் சொல்வதையும் செய்துவிடக் கூடாது. வன்தட்டு பழுதாகியிருக்கும்போது பார்மட் செய்தால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் போய்விடும். யுபிஎஸ் பழுதாகியிருக்கும்போது வன்தட்டை மாற்றினால், புதிய வன்தட்டிலும் அடுத்த மாதம் அதே சிக்கல் வரும். காரணத்தைப் பிரித்தறியும் வழிமுறையையும், அதையே வகுப்பறைப் பாடமாக்கும் விதத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

கோப்பு முறைமை என்றால் என்ன?

பள்ளி நூலகத்தை நினைத்துப் பாருங்கள். அலமாரிகளில் புத்தகங்கள் இருக்கின்றன. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதைச் சொல்ல இருப்புப் பதிவேடு இருக்கிறது. கணினியில் வன்தட்டுதான் அலமாரி. கோப்பு முறைமைதான் பதிவேடு. லினக்ஸில் பெரும்பாலும் இஎக்ஸ்டி4, விண்டோஸில் என்டிஎஃப்எஸ் ஆகியவை இந்தப் பதிவேட்டு வேலையைச் செய்கின்றன.

பதிவேட்டுக்கும் அலமாரிக்கும் பொருத்தம் இல்லாமல் போனால் கோப்பு முறைமை சிதைந்துவிட்டது என்கிறோம். அது இரண்டு விதமாக நிகழலாம். நூலகர் பதிவை எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ அழைத்ததால் பாதி வரியோடு எழுந்துபோயிருக்கலாம். அல்லது பதிவேடு சரியாகவே இருந்து, அலமாரியில் கரையான் ஏறியிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்: புத்தகம் கிடைக்கவில்லை.

லினக்ஸின் எஃப்எஸ்சிகே, விண்டோஸின் செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் மென்பொருள்கள் பதிவேட்டைத் திருத்துபவை. அலமாரியில் காணாத புத்தகத்தின் பெயரை அவை பதிவேட்டிலிருந்து அடித்துவிடும். முதல் வகைச் சிக்கலுக்கு அது சரியான மருந்து. கரையான் இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் அலமாரியில் அதையே செய்தால், இருக்கும் புத்தகங்களின் பெயர்களும் ஒவ்வொன்றாக அடிபட்டுப்போகும். எனவே திருத்துவதற்கு முன் காரணத்தைக் கண்டறிவது கட்டாயம்.

மின்தடை மட்டுமே போதிய காரணம் ஆகுமா?

மின்சாரம் திடீரென நின்றால் கோப்பு முறைமை சிதையும் என்பது பொதுவான எண்ணம். இஎக்ஸ்டி4, என்டிஎஃப்எஸ் இரண்டுமே இதை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. பதிவேட்டில் மாற்றம் செய்வதற்கு முன், "இந்த மாற்றத்தைச் செய்யப்போகிறேன்" என்று ஜர்னல் எனப்படும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும். இடையில் மின்சாரம் நின்றால், மறுபடி இயங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து வேலையை முடிக்கும் அல்லது கைவிடும். எழுதிக்கொண்டிருந்த கடைசிக் கோப்பு போகலாம். பதிவேடு முழுவதும் குலையக் கூடாது.

மின்தடைக்குப் பின் ஒவ்வொரு முறையும் பதிவேடு குலைகிறது என்றால், இடையில் ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். வன்தட்டுக்குள் சிறிய தற்காலிக நினைவகம் உண்டு. தகவல் அங்கே வந்து சேர்ந்ததுமே "எழுதிவிட்டேன்" என்று வன்தட்டு சொல்லிவிடும். உண்மையாகவே எழுதி முடி என்று கோப்பு முறைமை கேட்கும்போதும் அதே பதிலைப் பொய்யாகச் சொல்லும் சாதனங்கள் உண்டு. அந்த நொடியில் மின்சாரம் போனால் குறிப்பேடே நம்ப முடியாததாகிவிடும். ஆகவே மின்தடையும் வன்பொருளும் சேர்ந்தும் காரணமாகலாம்.

முதல் வேலை: படி எடுத்தல்

ஐயம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சோதனை அன்று, படி எடுப்பது. பழுதாகும் வன்தட்டுக்கு ஆயுள் எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. புதிதாக எதையும் அதில் எழுதாதீர்கள். மாணவர் கோப்புகள், செய்முறைப் பதிவுகள், வினாத்தாள்கள் என்ற வரிசையில், மீண்டும் கிடைக்காதவற்றை முதலில் வெளி வன்தட்டுக்கு மாற்றுங்கள். மறுபடி தரவிறக்கம் செய்யக்கூடிய காணொலிகள் காத்திருக்கலாம். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் முழு வன்தட்டையும் படியெடுத்து, அந்தப் படியின்மீதே பழுதுநீக்கும் மென்பொருளை ஓட்டலாம். மூலத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

"ரெய்டு முறையில் இரண்டு வன்தட்டுகள் இருக்கின்றனவே, படி எதற்கு?" என்று கேட்கலாம். ஒரு வன்தட்டு முற்றிலும் நின்றுபோனால் மற்றது கைகொடுக்கும். தவறான தகவல் எழுதப்பட்டாலோ, இரண்டிலும் அது ஒரே நேரத்தில் பதிவாகும். தவறாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். ரெய்டு இருந்தாலும் படி தனியே வேண்டும்.

இரண்டாவது வேலை: பதிவுகளைப் படித்தல்

ஒவ்வொரு சர்வரும் தனக்கு நேர்ந்ததை நாட்குறிப்பாக எழுதிவைத்திருக்கும். லினக்ஸில் டிமெஸ்ஜி என்ற கட்டளையில் அதைக் காணலாம். விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பார்க்கலாம். புகார் எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்பதை அங்கே கவனிக்க வேண்டும்.

விண்டோஸில் டிஸ்க் என்ற பெயரில் 7 என்ற எண் வந்தால், வன்தட்டில் படிக்க முடியாத பகுதி இருக்கிறது என்று பொருள். 153 என்ற எண், படிக்கவோ எழுதவோ முயன்று தோற்று மீண்டும் முயன்றதைக் குறிக்கும். என்டிஎஃப்எஸ் என்ற பெயரில் வரும் 55, கோப்பு முறைமை சிதைந்திருப்பதைச் சொல்லும். கெர்னல்-பவர் 41 என்பது, கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றதைச் சொல்லும்.

இவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் நேர வரிசையில் பாருங்கள். முதலில் 7 அல்லது 153, பிறகு 55 என்றால் ஐயம் வன்தட்டின் பக்கம் சாய்கிறது. முதலில் 41, உடனே 55 என்றால் மின்சாரத்தின் பக்கம். 55 மட்டும் தனியாகத் திரும்பத் திரும்ப வந்து, வன்தட்டிடமிருந்து ஒரு புகாரும் இல்லையென்றால் நினைவகம், கேபிள், மென்பொருள் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். லினக்ஸிலும் இதே முறைதான். உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று வன்தட்டின் பெயரோடும் செக்டர் எண்ணோடும் வரும் வரிகள் அலமாரியின் புகார். இஎக்ஸ்டி4 என்று தொடங்கும் பிழை வரிகள் பதிவேட்டின் புகார். மேலும் சேதம் நேராமலிருக்க, லினக்ஸ் சில நேரங்களில் தானாகவே "படிக்கலாம், எழுதக் கூடாது" என்ற நிலைக்கு மாறிவிடும். எதையும் சேமிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வேலை: வன்தட்டின் உடல்நிலை அறிக்கை

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே கணக்கெடுக்கும். இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அதைக் காட்டும். ரெய்டு அட்டை உள்ள சர்வரில் அந்த அட்டைக்குரிய மென்பொருள் வழியாகப் பார்க்க வேண்டியிருக்கும். நீண்ட பட்டியலில் பின்வரும் எண்கள் முதன்மையானவை.

• 5: பழுதான செக்டருக்குப் பதிலாக மாற்று செக்டர் ஒதுக்கப்பட்ட எண்ணிக்கை.
• 197: படிக்க இயலாமல், முடிவு செய்யப்படாமல் காத்திருக்கும் செக்டர்கள்.
• 198: சோதனையில் மீட்க இயலாதவை என்று கண்ட செக்டர்கள்.
• 199: வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் செல்லும்போது ஏற்பட்ட பிழைகள்.

முதல் மூன்றும் உயர்ந்துகொண்டே போனால் வன்தட்டின் பரப்பு பழுதாகிறது. 199 மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் காரணம். வன்தட்டு நல்ல நிலையில் இருக்கலாம். 5, 199 ஆகிய எண்கள் சுழியத்துக்குத் திரும்புவதில்லை என்பதால் ஒருமுறை பார்த்து முடிவு செய்யக் கூடாது. இன்று குறித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி குறித்து, வேறுபாட்டைப் பாருங்கள். சில நிறுவனங்களின் வன்தட்டுகளில் 1, 7 ஆகிய வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அது அந்நிறுவனம் கணக்கிடும் முறை, அஞ்ச வேண்டியதில்லை.

"பார்மட் செய்ததும் சரியாகிவிட்டதே" என்ற வாதத்துக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. படிக்க இயலாத செக்டரின்மேல் புதிதாக எழுதும்போது, வன்தட்டு அதை ஒதுக்கிவிட்டு மாற்று செக்டரைப் பயன்படுத்திக்கொள்ளும். 197-இல் இருந்த எண்ணிக்கை குறைந்து 5-இல் கூடும். சர்வர் சில வாரங்கள் நன்றாக இயங்கும். கரையான் அரித்த பலகைக்கு மேல் புதுத் தாள் ஒட்டியதைப் போன்றது இது. ஆகவே பார்மட்டுக்குப் பின் இயங்கியது என்பது, மென்பொருள்தான் காரணம் என்பதற்குச் சான்றாகாது.

அறிக்கை நன்றாக இருந்தால் போதுமா? போதாது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட வன்தட்டுகள், பிழையில்லாதவற்றைவிட அடுத்த 60 நாள்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில், பழுதான வன்தட்டுகளில் 36 விழுக்காடு ஸ்மார்ட் அறிக்கையில் எந்த முன்னறிவிப்பும் காட்டவில்லை. அறிக்கை கெட்டதாக இருந்தால் நம்புங்கள். நன்றாக இருந்தால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள்.

நான்காவது வேலை: பிழையின் போக்கைப் பார்த்தல்

ஒரு மாணவர் எப்போதும் கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டும் தவறினால் அந்தக் கருத்தில் இடைவெளி இருக்கிறது என்று கொள்கிறோம். ஒரு நாள் கூட்டலில், மறுநாள் பெருக்கலில் என்று தவறு மாறிக்கொண்டே இருந்தால் கவனத்தையோ, பார்வையையோ, உடல்நலத்தையோ விசாரிக்கிறோம். வன்பொருளுக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும்.

பிழை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் வன்தட்டின் பரப்பு. இடம் மாறி மாறி வந்தால் நினைவகம், கேபிள் அல்லது மின்வழங்கி. மழையோடும் மின்தடையோடும் சேர்ந்து வந்தால் யுபிஎஸ்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறுகிய அடையாளச் சரத்துக்கு ஹாஷ் என்று பெயர். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். பெரிய காணொலிக் கோப்பு ஒன்றை எடுத்து, அதன் ஷா-256 ஹாஷைக் கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்து மீண்டும் கணக்கிடுங்கள். மறுதொடக்கம் தேவை, இல்லையென்றால் இரண்டாம் முறை கணினி வன்தட்டைத் தொடாமல் நினைவகத்தில் இருக்கும் படியையே படிக்கக்கூடும். யாரும் தொடாத கோப்புக்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விடை வந்தால், படிக்கும் வழியில் எங்கோ தகவல் மாறுகிறது. நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட் என்ற கருவியை ஓர் இரவு முழுதும் ஓட்டலாம்.

எந்தச் சோதனையிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் நினைவகத்தையும் ஒரே நாளில் மாற்றிச் சிக்கல் தீர்ந்தால், எது குற்றவாளி என்று எப்போதும் தெரியாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள சர்வரின் மூடியை நாமே திறக்கக் கூடாது. கேபிளை மாற்றிப் பார்க்கும் வேலையைப் பராமரிப்புப் பொறியாளரிடம் விட்டுவிடலாம். யுபிஎஸ்ஸை மட்டும் நாமே சோதிக்கலாம். சர்வரை முறையாக அணைத்துவிட்டு, யுபிஎஸ்ஸில் சில திரைகளை மட்டும் இயக்கி, சுவர் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். ஓரிரு நிமிடம்கூடத் தாங்கவில்லையென்றால் மின்கலம் ஓய்ந்துவிட்டது.

பெரிய நிறுவனங்களிலும் இதே சிக்கல்

இது சிற்றூர்ப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன், 2007-இல் 3,000-க்கும் மேற்பட்ட கணினிகளில் ஒரு சோதனை நடத்தியது. ஏற்கெனவே தெரிந்த உள்ளடக்கம் கொண்ட 2 ஜிபி கோப்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டார்கள். 5 வாரங்களில் சுமார் 100 கணினிகளில் ஏறத்தாழ 500 பிழைகள் கிடைத்தன. அவற்றில் 80 விழுக்காட்டுக்குக் காரணம், வன்தட்டுக்குள் இருக்கும் மென்பொருளுக்கும் ரெய்டு அட்டைக்கும் இடையே இருந்த பொருத்தமின்மை. ஒரு வன்தட்டின் பரப்பை மட்டும் சோதித்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

லட்சுமி பைரவசுந்தரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, 15.3 லட்சம் வன்தட்டுகளை 41 மாதங்கள் கண்காணித்தது. சேமித்த தகவலும் அதன் சரிபார்ப்பு எண்ணும் பொருந்தாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தகவல் மாறிவிடக்கூடும் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டவர்களால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

வகுப்பறைச் செயல்பாடு: பிழையைக் கண்டுபிடிக்கும் அட்டைகள்

இந்தச் செயல்பாட்டுக்குக் கணினி தேவையில்லை. ஒற்றை எண், இரட்டை எண் கற்ற தொடக்க வகுப்புகளிலிருந்தே செய்யலாம்.

1. ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்புமாக 36 அட்டைகள் தயார் செய்யுங்கள். 25 அட்டைகளை ஐந்துக்கு ஐந்தாக, விருப்பம்போல் அடுக்கச் சொல்லுங்கள்.

2. "இன்னும் கொஞ்சம் கடினமாக்குவோம்" என்று சொல்லி, ஆறாவது நிரலையும் ஆறாவது நிரையையும் ஆசிரியர் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிரையிலும் ஒவ்வொரு நிரலிலும் சிவப்பு அட்டைகள் இரட்டைப்படையில் வருமாறு அமைக்க வேண்டும்.

3. ஆசிரியர் திரும்பி நிற்க, ஒரு மாணவர் ஓர் அட்டையைத் திருப்பி வைக்கட்டும். சிவப்பு ஒற்றைப்படையாக இருக்கும் நிரையும் நிரலும் சந்திக்கும் இடமே திருப்பப்பட்ட அட்டை.

4. மாணவர்கள் இரகசியத்தைத் தாமே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். பிறகு ஒரே நிரையில் இரண்டு அட்டைகளைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு நிரல்கள் ஒற்றைப்படையாகும். பிழை இருப்பது தெரியும். எந்த நிரை என்று தெரியாது.

5. ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளில் உள்ள அட்டைகளையும் திருப்பச் சொல்லுங்கள். எந்த மாற்றமும் புலப்படாது.

கூடுதலாகச் சேர்த்த 11 அட்டைகள்தான் சரிபார்ப்புத் தகவல். எந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை ஐந்தாவது படி கற்றுத்தரும். ஸ்மார்ட் அறிக்கை நன்றாக இருந்தாலும் முழுமையாக நம்பக் கூடாது என்பதற்கும் இதே விளக்கம் பொருந்தும். மேல்நிலை மாணவர்கள், தங்கள் பென் டிரைவுக்கு ஒரு கோப்பைப் படியெடுத்து, இரண்டின் ஹாஷையும் ஒப்பிடும் செயல்பாட்டைத் தொடரலாம். பதினொன்றாம் வகுப்பில் இயக்க அமைப்பு பற்றிய பாடத்தை நடத்தும்போது இதைச் சேர்த்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

புகாரில் என்ன எழுதுவது?

"சர்வர் வேலை செய்யவில்லை" என்று எழுதும் புகாருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் இன்னொரு பார்மட்டாகவே இருக்கும். சர்வருக்கு அருகில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நாள், நேரம், அன்று மின்தடை இருந்ததா, திரையில் வந்த செய்தி, பதிவில் கண்ட எண், ஸ்மார்ட் 5, 197, 198, 199 ஆகியவற்றின் மதிப்பு என ஒரு வரி போதும். "இரண்டு வாரங்களில் 197-இன் மதிப்பு 8-இலிருந்து 56 ஆக உயர்ந்துள்ளது; 7 என்ற பிழை ஒரே பகுதியில் ஆறு முறை பதிவாகியுள்ளது" என்று எழுதினால், உத்தரவாதத்தில் மாற்றித் தர வேண்டிய தேவை எவருக்கும் விளங்கும்.

பழைய வன்தட்டைக் கொடுக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அதில் மாணவர்களின் பெயர், மதிப்பெண், புகைப்படம் முதலியவை இருக்கலாம். இயங்கும் நிலையில் இருந்தால் முழுமையாக அழித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். இயங்கவில்லையென்றால் தலைமையாசிரியரின் அறிவுரைப்படி, உரிய பதிவோடு ஒப்படைக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளிகளில் சர்வர் இல்லாவிட்டாலும் திறன் வகுப்பறைக் கணினியும் ஆசிரியரின் மடிக்கணினியும் பென் டிரைவும் இருக்கின்றன. அவற்றுக்கும் இதே வரிசை பொருந்தும்: முதலில் படி, பிறகு பதிவு, பிறகு உடல்நிலை அறிக்கை, பிறகு ஒவ்வொன்றாக மாற்றிச் சோதனை, கடைசியாகத்தான் பார்மட். செய்முறைத் தேர்வு நெருங்கும் நாளில் இந்த வரிசையைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இந்த வாரமே ஆய்வகச் சுவரில் ஒட்டிவிட்டு, ஸ்மார்ட் எண்களின் முதல் வரியைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த முதல் வரி வேண்டும்.